எழுத்துக்கு உருக்கொடுக்கும் பயிற்சி

காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் ஒருவர், கடைப் பலகை, பேருந்தின் முகப்பு, மருந்துப் புட்டி, விதைப் பை என எத்தனையோ எழுத்துகளைப் படித்துக்கொண்டே செல்கிறார். அவ்வெழுத்துகளுக்கும் படங்களுக்கும் இடமும் அளவும் நிறமும் வகுப்பதே வரைகலை வடிவமைப்பு என்னும் தொழில். இதில் புகுமுன் இளைஞர் சில மாதங்கள் அச்சகத்திலோ விளம்பர நிலையத்திலோ இருந்து பழகுகின்றனர். தேனியில் அவ்வாறு பழகித் திரும்பிய என் பழைய மாணவர் சிலருடன் உரையாடியபோது தெளிந்த பாடங்களை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உடனிருந்து கற்கும் இம்முறை நமக்குப் புதியதன்று. ஓவியர் சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதினார். பின்னர்க் கோவில்பட்டியில் தங்கினார். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலியோர் அவரிடம் பழகி ஓவியராயினர். அவர்கள் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சேறி நாடெங்கும் சென்றன. 1976இல் ஆசிரியர் மறைந்த பின்னும் அவருடைய மரபு மாணாக்கர் கையில் வாழ்ந்தது.

முதற்பாடம், படிப்பவரை அறிதல். போடிநாயக்கனூரில் ஏலம் என்பது விளைபொருளுக்கும் பெயர். அதனை விற்கும் முறைக்கும் பெயர். அச்சொல்லின் முதலெழுத்தை 'எ'கரத்தினின்று பிரித்துக் காட்டுவது கீழே இழுக்கும் ஒரு சிறு கோடே. அழகு கருதி அக்கோட்டைக் குறுக்கினால் சொல்லே சிதைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் அத்தகையதே. சரக்கைத் தூக்குபவரும் எடை பார்ப்பவரும் மங்கிய வெளிச்சத்தில் நின்று படிக்கின்றனர். ஆதலின், அவர்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவதே அழகு.

இரண்டாம் பாடம், பொருளின் இயல்பை அறிதல். கணிப்பொறித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ பெரும்பாலும் நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் கருநீலம் திரையில் பளபளக்கும். பழுப்பு அட்டைப் பெட்டியிலோ மை உறிஞ்சப்பட்டு மங்கிவிடும். தாளை வெட்டும் கத்தியும் சிறிது விலகக்கூடும். எனவே ஓரத்து நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு அப்பால் 3 மில்லிமீட்டர் நீட்டி வைப்பது வழக்கம். இவற்றை ஏட்டில் படித்தவன் மறப்பான். அச்சகத்தில் நின்று கண்டவன் மறவான்.

மூன்றாம் பாடம், திருத்தத்தின் காரணத்தைக் கேட்டறிதல். "நன்றாக இல்லை" என்னும் சொல்லால் மாணவன் எதனையும் கற்பதில்லை. "கை நீட்டும் தொலைவில் எடை தெரியவில்லை" என்றால், அடுத்த முறை அவனே அளந்து பார்ப்பான். சிவப்பு மையால் கோடிடுவது எளிது. காரணம் கூறுவதே ஆசிரியத் தொழில்.

இனி, பெற்றோர் கருத வேண்டியது ஒன்றுண்டு. நானறிந்த இளைஞர் ஒருவர், ஓரிடத்தில் மூன்று மாதம் தேநீர் வாங்குவதையும் படியெடுப்பதையும் தவிர வேறொன்றும் பழகவில்லை. அவர் தாயார் திராட்சைத் தோட்டத்தில் பெற்ற கூலியே நாள்தோறும் பேருந்துக் கட்டணமாகக் கரைந்தது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டம், தன் வரம்புக்குட்பட்ட பயிற்சிக்கு ஒப்பந்தமும் உதவித்தொகையும் வகுத்திருக்கிறது. அதன் வரம்புக்குப் புறம்பான இடமாயினும், சேருமுன் மூன்று வினாக்களை எழுப்புவது முறையே: யார் கற்பிப்பார்? எந்த வேலையைக் கையில் தருவார்? என்ன உதவித்தொகை உண்டு? இவற்றுக்குத் தெளிவான விடை கூறாத இடத்தில் பிள்ளையின் மாதங்களை ஒப்படைத்தல் தகாது.

இளைஞர்களே, பயிற்சி முடிந்ததும் சான்றிதழோடு மனநிறைவு கொள்ளாதீர்கள். நீங்கள் செய்த ஒவ்வொரு பணியின் முதல் வரைவையும், திருத்திய வடிவையும், திருத்தத்தின் காரணத்தையும் ஒரு குறிப்பேட்டில் சேர்த்து வையுங்கள். வேலை தர வருபவர் உங்கள் திறமையை அறிவதற்கும், நாளை உங்களிடம் பழக வரும் இளையவருக்கு நீங்கள் கற்பிப்பதற்கும் அக்குறிப்பேடு உதவும்.