மனச்சோர்வும் மருத்துவமும்

தேர்வில் மதிப்பெண் குறைந்தால் நமக்கு வருத்தம் வருகிறது. நாலு நாளில் போய்விடுகிறது. மருத்துவர்கள் மனச்சோர்வு என்று சொல்வது இதையன்று. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பொழுதும் மனம் கவிழ்ந்தே கிடப்பதும், விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போவதும் அந்நோயின் முதன்மையான அடையாளங்கள். கூடவே உறக்கம் கெடும்; பசி மாறும்; பாடத்தில் கவனம் நிற்காது; 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் வேரூன்றும். சிலருக்குச் சாவைப் பற்றிய நினைவும் எழும்.

நம் ஓசூரில் இந்நோய் எளிதாக மறைந்துகொள்கிறது. சிப்காட் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர் பகலில் உறங்காமல் தவித்தால் 'ஷிப்டு அசதி' என்கிறோம். மாணவன் வகுப்புக்கு வராமல் அறையிலேயே கிடந்தால் 'சோம்பேறி' என்கிறோம். பெயரை மாற்றி வைத்துவிட்டால் மருத்துவரை நாட வேண்டியதில்லை அல்லவா?

2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 18 வயது கடந்தோரில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று கண்டது. அவர்களுள் 100க்கு 85 பேர் உரிய சிகிச்சை பெறவில்லை என்பதே அதைவிட வேதனையான செய்தி.

அவ்வாய்வை நடத்திய நிம்ஹான்ஸ் நிறுவனம், மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையும் 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் இணைந்து 1974இல் உருவானது. பெங்களூரில் அது இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் சாலை! இங்கிருந்து 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே தடையாக நிற்பது தூரமன்று. 'பைத்தியம் என்பார்களோ' என்ற கூச்சமே.

மருத்துவர் முதலில் பொறுமையாகக் கேட்கிறார். தைராய்டுக் குறைவு போன்ற உடற்காரணம் உண்டா என்று பார்க்கிறார். நோய் லேசாயின் பேச்சு வழிச் சிகிச்சையே போதும். முற்றியிருப்பின் மாத்திரையும் தருகிறார். அதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே குணமடைகின்றனர். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை கிடைக்கிறது. 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் வள்ளுவர். அந்த நான்காமவர் நாம்தான் என்பேன். மனச்சோர்வுற்றவனுக்குத் தானே எழுந்து மருத்துவரிடம் செல்லும் ஊக்கம் இராது. அதுவே அந்நோயின் இயல்பு. அவனுக்கு அறிவுரை வேண்டாம். 'சாப்பிட்டாயா, தூங்கினாயா?' என்று கேளுங்கள். சாகும் எண்ணம் உண்டா என்றும் வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உண்டு என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வெளியே வரும்வரை கூடவே இருங்கள்.