நின்றால் நடுங்கும் பழைய ஃபோர்டு: பார்ட்ஸ் வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

விழுப்புரம்–திருவண்ணாமலை சாலையில் 60-இல் போகும்போது எந்தக் குறையும் இல்லை. கெடார் கடைவீதியில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றதும் ஸ்டீயரிங் நடுங்குது, வண்டி குலுங்குது. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகாத செகண்ட் ஹேண்ட் ஃபிகோ என்றால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

முதலில் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்க. முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் ஆடினால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் மேல்தான் முதல் சந்தேகம். முள்ளும் ஏறி இறங்கினால் காற்று, பெட்ரோல், ஸ்பார்க் இந்த மூன்றில் ஒன்று. த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். வேக்யூம் ஹோஸில் விரிசல் இருந்தால் 'உஸ்' என்று சத்தம் கேட்கும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நடுக்கம் குறையும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க.

"ஈசிஎம் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால் கொஞ்சம் பொறுங்க. ஸ்கேனர் போட்டுக் கோடு எடுங்க. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பிளக்குக்குத் தனித்தனி காயில் உள்ள கார்களில், அந்தக் காயிலை இரண்டாம் சிலிண்டரில் மாட்டிப் பார்ப்பார்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் கோளாறு. செலவே இல்லாத சோதனை. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் போய் கேடலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும்.

அடுத்தது பார்ட்ஸ். 2010-இல் மறைமலைநகரில் பிறந்த கார் ஃபிகோ. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்றது. ஆகவே சர்வீஸ் சென்டரில் முதலில் கேளுங்க. ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் சரியான பார்ட் நம்பர் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் விலை விசாரிக்கலாம். 'ஃபிகோ காயில்' என்று மட்டும் கேட்டால், பெட்ரோலா, எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்பார்கள்.

புதுப்பேட்டையா? கதவு, கண்ணாடி, லைட் எடுக்க நல்ல இடம். சென்சார், காயில் பழசாக வாங்குவது சூதாட்டம்தான். கழற்றிய பழைய பார்ட்டைக் கடையிலேயே விட்டுவிடாமல் கையில் வாங்கிக்கொள்ளுங்க. அடுத்த கடையில் சாம்பிள் காட்ட உதவும். உண்மையிலேயே மாத்தினாங்களா என்பதும் தெரிந்துவிடும்.