மாமிக்கு ஒரு நினைவு மலர்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமான 31ஆம் நாள் அந்தியேட்டி என்னும் கிரியை நடக்கும். அன்று வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். நினைவு மலர் என்பார்கள். கல்வெட்டு என்று சொல்லும் பழக்கமும் உண்டு. முகப்பில் படம், பிறந்த நாளும் மறைந்த நாளும், திதி வெண்பா, தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்ச விருட்சம், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கொழும்பு, லண்டன், டொரன்டோ என்று மக்கள் பெயர்ந்து போன இடமெல்லாம் இந்த வழக்கமும் கூடவே போயிருக்கிறது. அரசியல்வாதிக்கும் எழுத்தாளருக்கும் இதைத் தவிர வேறு பல பதிவுகள் இருக்கும். ஊரார் எல்லோரும் நேசித்த ஒரு மாமிக்கோ பெரியம்மாவுக்கோ பெரும்பாலும் இந்த ஒரு புத்தகம்தான். அவர் வாழ்க்கை அச்சேறும் முதல் தடவையும் கடைசித் தடவையும் இதுவே. அதனால்தான் அதில் வரும் வாழ்க்கை வரலாறு ‘அன்பே உருவானவர், இன்முகத்துடன் உபசரிப்பவர்’ என்ற இரண்டு வரியோடு முடிந்துவிடக் கூடாது என்கிறேன். அந்த அன்பு யாருக்கு, எப்போது, எதை விட்டுக்கொடுத்துச் செய்யப்பட்டது என்பது எழுதப்பட வேண்டும்.

மரண அறிவித்தலின் அமைப்பைப் பாருங்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று வரிசை இறங்கும். பெரியம்மா, மாமி என்ற உறவுகள் வால்பகுதியில்தான் வரும். திருமணமாகாமலோ பிள்ளையில்லாமலோ இருந்து, உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்தக் கடைசி வரிக்குள் அடங்கிவிடுகிறது. உண்மையில் அந்த உழைப்புக்கு உறுதியான தடயங்கள் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை என்னும் யாழ்ப்பாண வழக்குச் சட்டத்தின்படி சீதனம் பெண்ணின் சொத்து. வீடும் வளவும் அவர் பெயரிலேயே காணி உறுதியில் இருக்கும். விற்பதற்குக் கணவரின் ஒப்புதல் தேவை என்ற கட்டுப்பாடு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் யார் தங்கிப் படித்தார்கள், எந்தத் தங்கை மகளின் கல்யாணத்துக்காக எந்தக் காணி ஈடு வைக்கப்பட்டது என்பதில் அவர் எடுத்த முடிவுகள் பல இருந்திருக்கும். ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் நிறுவிய மகளிர் கல்லூரி போன்றவற்றில் படித்து ஆசிரியையானவர்கள் பலர். ‘ஆசிரியையாகப் பணியாற்றினார்’ என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகளின் கல்விச் செலவு இருந்தது என்பது மலரில் வருவதே இல்லை. 1995 அக்டோபர் இறுதியில் போர் காரணமாக யாழ் குடாநாட்டின் வலிகாமம் பகுதியிலிருந்து லட்சக்கணக்கானோர் தென்மராட்சிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தார்கள். அப்போது ஒரு குடும்பம் இருந்த வீட்டில் பல குடும்பங்கள் தங்கின. அத்தனை பேருக்கும் அடுப்பு, கிணறு, பாய், மறைப்பு எல்லாவற்றையும் சச்சரவில்லாமல் பங்கிட்டவர்கள் அந்தந்த வீட்டு மூத்த பெண்கள். பெருந்தன்மை என்று நாம் சொல்வது அந்த நிர்வாகத்தைத்தான்.

துக்க வீட்டில் யாருக்கு இதெல்லாம் தேடி எழுத நேரமிருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஒரு மாதத்துக்குள் கிரியைகளையும் பார்த்துக்கொண்டு அச்சகத்துக்கும் அலைய வேண்டும். ஆனாலும் தேட வேண்டியது அதிகமில்லை. காணி உறுதி, பாடசாலைச் சான்றிதழ், பழைய கடிதக் கட்டு, படங்களின் பின்புறம் எழுதியிருக்கும் குறிப்பு ஆகியவை கிடைத்தால் ஆண்டுகளும் இடங்களும் தெரிந்துவிடும். எஞ்சியதை அவருடைய வயதொத்த தோழியும் பக்கத்து வளவுக்காரரும் சொல்வார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. பின்னர் நடந்த இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்த தாள்களும் அழிந்தன. இப்படிப் பலமுறை ஆவணம் இழந்த ஒரு சமூகத்தில் முதியவர்களின் ஞாபகமே மூலச்சான்று. மலர் அச்சாகும் நாட்களில் அந்த முதியவர்கள் துக்கம் கேட்க வீட்டுக்கே வருகிறார்கள். அதைவிட வசதியான வேளை வேறு எப்போது வாய்க்கும்?

செத்தவரைப் புகழ்வதுதான் மரபு. உள்ளதை எழுதப் போனால் குடும்பச் சண்டைகளும் வெளியே வரும் என்பது இன்னொரு தயக்கம். சண்டையை எழுதச் சொல்லவில்லை. உயிரோடிருப்பவர் மனம் நோகும் செய்தியை விட்டுவிடுவதில் தவறே இல்லை. ஆனால் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த இரண்டு அண்ணன் தம்பிமாரை ஒரு கல்யாணப் பந்தலில் அவர் சேர்த்துவைத்தார் என்றால், பகைக்கான காரணத்தைச் சொல்லாமலே அதை எழுத முடியும். பொதுவான புகழ்மொழியின் குறை அது மிகையாக இருப்பதில் இல்லை. எந்த மாமிக்கும் அது பொருந்தும். பெயரை மாற்றி அடுத்த மலரிலும் போட்டுவிடலாம். உண்மையாகவே நல்லவராக வாழ்ந்த ஒருவருக்கு இது பெரிய அநியாயம்.

‘அவ தன்னைப் பற்றிப் பேசவே மாட்டா, விளம்பரம் பிடிக்காது’ என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. இதுதான் எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு. அடக்கமாக வாழ்ந்தவரின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பேசாமல் இருந்தது தன்னைப் பற்றி. அவரால் பயன்பெற்றவர்களும் பேசாமல் இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. கடன் பட்டவர் தம் கடனைச் சொல்வது விளம்பரம் ஆகாது. மேலும், இன்று மலரின் வாசகர்கள் துக்கத்துக்கு வந்தவர்கள் மட்டும் அல்லர். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்கள், இதழ்களோடு நினைவு மலர்களும் சேர்க்கப்படுகின்றன. ஒஸ்லோவில் பிறந்து வளரும் ஒரு பேத்தி தன் ஊரையும் வம்சத்தையும் தேடி வரக்கூடும். ஊரின் கல்வி வரலாற்றை ஆராய்பவரும் வரக்கூடும். அவர்களுக்கு வேண்டியது அந்த மாமி எந்தப் பள்ளியில் எந்த ஆண்டில் படிப்பித்தார், எந்த ஒழுங்கையில் வீடு, யார் யாரை வளர்த்தார், எந்தக் கோயில் திருவிழாவுக்கு எத்தனை பேருக்குச் சமைத்தார் என்ற விவரங்கள்தான்.