மஞ்சள் பயிரும் முக்கூற்று முடிவும்

நெல் வயல் ஒன்று மஞ்சள் நிறமாக வெளுத்திருப்பதைக் கள அலுவலர் ஒருவர் காண்கிறார் எனக் கொள்வோம். "தழைச்சத்துக் குறைந்த பயிர்கள் எல்லாம் மஞ்சளாகும், இப்பயிர் மஞ்சளாக உள்ளது, ஆகவே இதில் தழைச்சத்துக் குறைந்துள்ளது" என்று தீர்மானித்து, யூரியா இடுமாறு உழவருக்குக் கூறுகிறார். அவர் கூறிய முதல் இரண்டு செய்திகளும் உண்மையே. ஆயினும் அவற்றினின்று அம்முடிவு பெறப்படாது. இரும்புச் சத்துக் குறைந்தாலும், நீர் தேங்கி வேர் நலிந்தாலும் பயிர் மஞ்சளாகலாம். காரணம் வேறாயின், உரமும் வீண், பயிரும் தேறாது. நட்டம் உழவரைச் சேரும்.

இத்தகைய வாதத்தை அளவை நூலார் முக்கூற்று முடிவு என்பர். எடுகூற்றுக்கள் இரண்டு, அவற்றினின்று பெறப்படும் முடிவு ஒன்று. வங்கிப் பணித் தேர்வுகளிலும் பிற போட்டித் தேர்வுகளிலும் இவ்வகை வினாக்கள் கேட்கப்படுகின்றன. கூற்றுக்கள் நான்கு வகைப்படும். "எல்லா அ-வும் ஆ", "எந்த அ-வும் ஆ அன்று", "சில அ, ஆ ஆகும்", "சில அ, ஆ அல்ல" என்பன அவை. இவற்றை மும்மூன்றாக இணைத்து, பதங்களின் இடத்தையும் மாற்றினால் 256 வடிவங்கள் தோன்றும். மரபுவழி எண்ணிக்கைப்படி அவற்றுள் செல்லுபடியாவன 24 மட்டுமே. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பொருளேனும் உண்டு என்று முன்கூட்டியே கொள்ளாவிடில், அவையும் 15 ஆகக் குறையும். எனவே, கேட்பதற்கு ஒழுங்காகத் தோன்றும் வாதங்களுட் பெரும்பாலானவை பிழையானவை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவற்றை மனப்பாடம் செய்தல் தேவையில்லை. சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் ஆய்லர், ஜெர்மானிய இளவரசி ஒருவருக்கு எழுதி 1768-இல் வெளிவரத் தொடங்கிய கடிதங்களில், வட்டங்களைக் கொண்டு இதனை விளக்கினார். ஆங்கிலேயரான ஜான் வென் 1880-இல் அம்முறையைத் திருத்தி அமைத்தார். நம் வயலுக்கு அதனைப் பொருத்திப் பார்ப்போம். மஞ்சள் பயிர்கள் என்று ஒரு பெரிய வட்டம் வரைக. தழைச்சத்துக் குறைந்த பயிர்கள் என்னும் சிறு வட்டத்தை அதனுள் வரைக. நாம் கண்ட வயல் ஒரு புள்ளி. அது பெரிய வட்டத்தினுள் இருத்தல் வேண்டும்; ஆனால் சிறு வட்டத்தின் உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். எடுகூற்றுக்களுக்கு முரணாகாமல், முடிவுக்கு மாறான ஒரு படத்தையேனும் வரைய இயலுமாயின், அம்முடிவு செல்லாது. எல்லா வினாக்களுக்கும் இந்த ஒரு சோதனை போதும்.

தேர்வு எழுதுவோர் வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, "எல்லா அ-வும் ஆ" என்பதை "எல்லா ஆ-வும் அ" எனத் திருப்பிக் கொள்ளுதல். இரண்டாவது, "சில" என்பதைச் "சில மட்டுமே" எனக் கொள்ளுதல். அளவை நூலில் "சில" என்பது "ஒன்றேனும்" என்றே பொருள்படும். மூன்றாவது, உலக அறிவைக் கலத்தல். "எல்லாப் பறவைகளும் கற்கள், எல்லாக் கற்களும் மிதப்பன, ஆகவே எல்லாப் பறவைகளும் மிதப்பன" என்பதில் ஒரு கூற்றும் உண்மையன்று. எனினும் வாதம் செல்லுபடியாகும். வினவப்படுவது கூற்றின் உண்மையன்று, தொடர்பின் உறுதியே.

கூற்றைத் திருப்பிக்கொள்ளும் பிழையை நம் நாட்டு நியாய நூலாரும் நன்கு அறிந்திருந்தனர். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு. ஆதலால் மலையிற் புகை கண்டு நெருப்பை உணரலாம். நெருப்பைக் கண்டு புகை உண்டு எனல் ஆகாது. காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை எழ ஈர விறகும் வேண்டும் என்று அவர்கள் காரணமும் காட்டினர்.

மீண்டும் வயலுக்கு வருவோம். தழைச்சத்து, செடிக்குள் இடம் பெயரக்கூடியது. குறை நேர்ந்தால், செடி அதனைப் பழைய இலைகளினின்று எடுத்து இளம் இலைகளுக்கு அளிக்கும். ஆதலால் பழைய இலைகளே முதலில் மஞ்சளாகும். இரும்போ அவ்வாறு எளிதிற் பெயராது. இளம் இலைகளே முதலில் வெளுக்கும். இனி வாதத்தை இவ்வாறு அமைக்கலாம்: "தழைச்சத்துக் குறையால் வெளுக்கும் பயிர்கள் எல்லாவற்றிலும் பழைய இலைகள் முதலில் வெளுக்கும், இப்பயிரில் பழைய இலைகள் முதலில் வெளுக்கவில்லை, ஆகவே இவ்வெளுப்புக்குத் தழைச்சத்துக் குறை காரணமன்று." இது செல்லுபடியாகும் முடிவு. அடையாளம் பொருந்துவது காரணத்தை நிலைநாட்டாது. பொருந்தாமையோ அதனை விலக்கும்.

ஆசிரியர்கள் கரும்பலகையில் வட்டங்களை வரைந்து, மாணவர் தம் ஊரிற் காணும் பொருள்களையே பதங்களாக அமைத்துப் பயிற்றலாம். "இம்முடிவுக்கு மாறான படத்தை வரைய முடியுமா?" என்று ஒவ்வொரு முறையும் வினவச் செய்க. கள அலுவலரும் உரத்தின் பெயரைச் சொல்லுமுன் அதே வினாவைத் தமக்குள் எழுப்பி, ஒருமுறை குனிந்து அடியிலைகளைப் பார்த்தல் நன்று.