எழுத்து நிரையில் நடை பழகுவோம்



நமது கணினி அறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் தாத்தா வேலை செய்த தோட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். பதினைந்து வரிகள் முடிந்த பின்னர், முதல் வரியில் 'மரம்' என்பதற்குப் பதிலாக 'மறம்' என்று எழுதியிருப்பதைக் கண்டாள். உடனே பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தத் தொடங்கினாள். கடைசி வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக மறைந்தது. அந்த ஒரு றகரம் திருந்தியபோது தாத்தாவின் கதை திரையில் இல்லை, பாடவேளையும் முடிந்துவிட்டது. கணினியை அணைத்துவிட்டு அவள் கண்கலங்கி நின்றபோதுதான் நாம் செய்தியறிந்தோம். மறுவாரம் அவள் எழுதிய கட்டுரை நான்கு வரிகளோடு நின்றது.

குற்றம் அம்மாணவியுடையதன்று. விசைப்பலகையில் எழுதக் கற்பித்த நாம், எழுதியவற்றின் நடுவே நடந்து செல்லக் கற்பிக்கவில்லை. பிழையைத் திருத்தும் வழி தெரியாத பிள்ளை, பிழைக்கு அஞ்சிக் குறைவாக எழுதும். நாளடைவில் தமிழில் எழுதுவதையே விட்டுவிடும். ஆதலின் அந்நடையை இங்கே விளக்குவோம்.

திரையில் மின்னிக்கொண்டு நிற்கும் சிறு கோட்டைக் கர்சர் என்பர். தமிழில் இடஞ்சுட்டி எனலாம். நாம் அழுத்தும் எழுத்து அது நிற்கும் இடத்திலேயே விழும். அதனை நகர்த்துவதால் எழுதியது எதுவும் அழியாது. இவ்வுண்மையை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. எழுத்தை மரமென்றும் வரியை நிரையென்றும் கொள்வோம். நிரையின் தொடக்கத்தில் ஒரு மரத்தின் மங்கு கவிழ்ந்து கிடந்தால், அம்மரத்திடம் நடந்து சென்று மங்கை நிமிர்த்தி வைப்போம். இடையிலுள்ள மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துக்கொண்டா செல்வோம்? பேக்ஸ்பேஸ் விசையால் பின்னோக்கிச் செல்வது அத்தகைய செயலே.

நடப்பதற்கு உரியவை அம்புக்குறி விசைகள் நான்கு. இடமும் வலமும் ஒவ்வோர் எழுத்தாகவும், மேலும் கீழும் ஒவ்வொரு வரியாகவும் செல்லும். விரைந்து செல்ல வேறு வழிகள் உண்டு. கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால், இடஞ்சுட்டி ஒரு முழுச் சொல்லைத் தாண்டும். ஹோம் விசை வரியின் தொடக்கத்திற்கும், எண்ட் விசை வரியின் முடிவிற்கும் கொண்டு செல்லும். கண்ட்ரோலுடன் ஹோம் சேர்ந்தால் கட்டுரையின் முதல் எழுத்துக்கும், கண்ட்ரோலுடன் எண்ட் சேர்ந்தால் கடைசி எழுத்துக்கும் சென்றுவிடலாம். சில மடிக்கணினிகளில் ஹோம், எண்ட் விசைகள் தனியாக இரா. அவற்றுட் பலவற்றில் எஃப்என் என்னும் விசையுடன் இடது, வலது அம்புக்குறிகளை அழுத்த வேண்டும்.

இதனாற் பயன் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 100 சொற்கள் கொண்ட கட்டுரையில், சொல்லுக்கு 5 எழுத்தும் ஓர் இடைவெளியும் எனக் கொள்வோம். முடிவிலிருந்து தொடக்கத்திற்கு எழுத்தெழுத்தாக வந்தால் ஏறத்தாழ 600 முறை அழுத்த வேண்டும். சொற்சொல்லாக வந்தால் 100 முறை போதும். கண்ட்ரோலும் ஹோமும் சேர்ந்தால் ஒரே முறை!

இவ்விசைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற பில் ஜாய் என்பவர் 1976இல் 'விஐ' என்னும் எழுதுகருவியை ஆக்கினார். அவர் பயன்படுத்திய கணினி முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே அந்நான்கையுமே அவர் இடம், கீழ், மேல், வலம் எனக் கொண்டார். இன்றும் நிரல் எழுதுவோர் பலர் அவ்வாறே விரலை நகர்த்துகின்றனர். 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் என்னும் மென்பொருளோ கண்ட்ரோலுடன் ஈ, எஸ், டி, எக்ஸ் ஆகிய விசைகளை இதற்கெனப் பயன்படுத்தியது. அந்நான்கும் இடக்கையருகே வைர வடிவில் அமைந்திருப்பதே காரணம்.

தமிழுக்குரிய நுட்பம் ஒன்றையும் அறிதல் வேண்டும். யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டு முறையில் தமிழ் 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. அதன்படி 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. பெரும்பாலான மென்பொருள்களில் அம்புக்குறி அச்சொல்லை மூன்றே அடியில் கடக்கும். பேக்ஸ்பேஸ் விசையோ அழிக்க ஐந்து முறை கேட்கும். இது பழுதன்று, நமக்கு உதவியே. 'வந்தன' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வந்தன்' என்று எழுதிவிட்டால், னகரத்திற்குப் பின் இடஞ்சுட்டியை நிறுத்திப் பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்துக. புள்ளி மட்டும் நீங்கி, 'வந்தன' நிற்கும். எழுத்துக்கு முன் நின்று டெலீட் விசையை அழுத்தினால் அவ்வெழுத்து முழுவதும் நீங்கும்.

தமிழை எவ்வாறு தட்டெழுதுவது என்று ஐயுற வேண்டியதில்லை. நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளை உலகெங்கும் உள்ள தமிழர் அறிவர். கைப்பேசிக்கு அவர் அளித்த செல்லினம் 2005இல் வெளிவந்தது. 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. இத்தனை வசதி இருந்தும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது நமக்கு அழகன்று.

வீட்டில் கணினி இல்லையே என்று பெற்றோர் வருந்த வேண்டா. ஐபோனில் இடைவெளி விசையை விரலால் அழுத்திப் பிடித்து, அவ்விரலை இடமும் வலமும் நகர்த்தினால் இடஞ்சுட்டியும் உடன் நகரும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உள்ள கூகுள் விசைப்பலகையில், இடைவெளி விசையின் மேல் விரலை இழுத்தால் போதும்.

இறுதியாக ஒன்று. கண்ட்ரோலுடன் இசட் விசையை அழுத்தினால், கடைசியாகச் செய்த செயல் நீங்கிப் பழைய நிலை திரும்பும். கணினியை அணைக்குமுன் அதனைப் பலமுறை அழுத்தியிருந்தால், அன்று அம்மாணவியின் தாத்தா கதை பெரும்பாலும் மீண்டிருக்கும். அதனை அவளுக்கு நாம் இப்போது கற்பித்துவிட்டோம். அவள் மீண்டும் எழுதத் தொடங்கியுள்ளாள்.

மாணவர்களே, இவ்விடுமுறையில் பத்து வரி எழுதுங்கள். ஒரு வரியையும் அழிக்காமல், முதல் வரியில் ஒரு சொல்லை மட்டும் திருத்திப் பழகுங்கள். பெற்றோர்களே, பணி முடிந்து வந்ததும் அருகில் அமர்ந்து, தோட்டத்துப் பழங்கதை ஒன்றைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். பிழை வரட்டும்; திருத்திக்கொள்ளலாம். எழுதாமல் விட்ட கதையைத் திருத்த எந்த விசையும் இல்லை.