மன்னார்த் தீவில் வீட்டு மீன்குளம்: அளவைக் கிணறுதான் சொல்லும்

வீட்டு வளவில் மீன் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, குளத்தை எவ்வளவு பெரிதாக வெட்டலாம் என்பதுதான். கட்டுக்கரைக்குளத்தை அண்டிய பெருநிலக் களிமண்ணில் காணியின் அளவைப் பார்த்து முடிவெடுக்கலாம். பேசாலை, எருக்கலம்பிட்டி, தலைமன்னார் போன்ற தீவுப் பகுதி மணலில் கிணற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மாரியில் பெய்யும் மழைநீர், மணலுக்கு அடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நாம் குடிப்பது அந்த நீரைத்தான். குளத்தை நிரப்ப மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். நம் கிணறு மட்டுமன்றி அயலவர் கிணறும் கெடலாம்.

ஆகவே சிறிதாகத் தொடங்குங்கள். 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 1 மீற்றர் நீராழம் போதும். இதற்கு 12,000 லீற்றர் நீர் வேண்டும். 50 சதுர மீற்றர் கூரையில் 300 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 15,000 லீற்றர். பீலி பூட்டிச் சேர்த்தால், சேதாரம் போகவும் குளம் நிரம்பும்.

மணல் நீரைத் தாங்காது. எனவே அடியில் தடித்த பொலித்தீன் விரிப்பு அவசியம். இடம்பெயர்ந்த காலத்தில் நமக்குக் கூரையாக இருந்த சாதாரண தறப்பாள், வெயிலில் விரைவில் வெடித்துவிடும். முழு ஆழத்தையும் தோண்டவும் வேண்டாம். மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து விரிப்பை மேலே தள்ளும். பாதி தோண்டி, மீதிக்கு மண்மூட்டை அடுக்குங்கள்.

நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 60 லீற்றர் குறையும். சோளகம் வீசும் மாதங்களில் இது கூடும். அதனால் தை மாதத்தில் குஞ்சு விட்டு, ஆடிக்கு முன் பிடித்துவிடுவது நல்லது. வற்றும்போது மிஞ்சும் நீர் முருங்கைக்கும் கத்தரிக்கும் உரம்.

காற்றூட்டும் கருவி இல்லாவிட்டால் சதுர மீற்றருக்கு 2 அல்லது 3 திலாப்பியாக் குஞ்சுகளே அளவு. 30 குஞ்சுகளில் 25 தப்பி, ஒவ்வொன்றும் 250 கிராம் வந்தால், 6 கிலோவுக்குச் சற்று மேல். இது வீட்டுக் கறிக்குப் போதும். கடன் கட்டப் போதாது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் கடன் எடுக்க வேண்டாம்.

மலசலகூடக் குழியிலிருந்து விலகிய இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். கொக்குக்கு மேலே வலை, சிறுபிள்ளைகளுக்காகச் சுற்றிவர வேலி இரண்டும் வேண்டும். குஞ்சு பற்றிய ஆலோசனைக்கு, நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையை நாடலாம்.

தோண்டுவதற்கு முன் ஒரு வேலை: கோடையின் கடைசியில் உங்கள் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். அப்போதே உவர்த்தால், மழைநீரை மட்டும் நம்பிக் குளத்தை இன்னும் சிறிதாக்குங்கள்.