சூதாட்டத் தளமும் சட்டத்தின் காவலும்

உக்குவளைக் கடைவீதியில் தேசிய லொத்தர் சபையின் சீட்டை வாங்குபவருக்கு ஓர் உறுதி உண்டு. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அச்சபையே அதற்குப் பொறுப்பு. கைத்தொலைபேசியில் தோன்றும் சூதாட்டத் தளத்திற்குப் பொறுப்பாளர் யார்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இவ்வினாவிற்கு 2022 ஏப்பிரல் 4 முதல் விடை கூறுகின்றது. அங்கே தனியார் தளங்களுள், மாகாண ஆணையத்திடம் பதிவு பெற்று, மாகாண நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தவையே சட்டபூர்வமானவை. 19 வயது நிறைந்தோரே ஆடலாம். ரொறன்ரோவில் வாழும் உறவினர் அரசின் பட்டியலில் தளத்தின் பெயரைத் தேடிப் பார்த்தல் வேண்டும். தளத்திலுள்ள முத்திரை போதிய சான்றன்று. அதனை எவரும் வரைந்துகொள்ளலாம். மாகாண எல்லைக்கு அப்பால், உக்குவளையில் இருப்பவருக்கு அப்பட்டியல் காவலாகாது.

வென்ற பணத்தைத் தருவதற்கு முன்பணம் கேட்கும் தளத்தை உடனே விலக்குக. உரிமம் நேர்மைக்கே காவல், வெற்றிக்கு அன்று. நெடுநாள் ஆட்டத்தில் கணக்கு நடத்துபவர் பக்கமே சாயும். வள்ளுவர் சூதிற்கென ஓர் அதிகாரம் வகுத்தமை காரணமின்றியன்று.